புட்டிப்பாற் கன்றும் அளவறிந்த உப்பும்

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நடைபெற்ற காலத்தில் நல்லதொரு வழக்கம் இருந்தது. சலாபத்திற்கு நாள் குறிக்குமுன் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் படகேறிச் சென்று, கடலடியிலுள்ள பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்திருக்கிறதா, இளமையாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இளஞ்சிப்பி நிறைந்த பாரில் ஒருவரும் குளிக்க உத்தரவில்லை. சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் அந்த இளஞ்சிப்பியே முத்துத் தரும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். 1961-ஆம் ஆண்டோடு அச்சலாபம் நின்று போயிற்று. எனினும், இளையதைக் காத்தவனுக்கே முதிர்ந்ததன் பயன் கிட்டும் என்ற நியாயம் நின்றுபோகவில்லை. அது கடலுக்கு மட்டும் உரிய நியாயமுமன்று. தொழுவத்துக்கும் அதுவே பொருந்தும்.

ஆயின், அக்கரையை அடுத்த ஊர்களில் தொழுவத்துக் கன்றுகள் படும் பாட்டைக் காண்போர் இந்த நியாயம் மறக்கப்பட்டதோ என்று ஐயுறுவர். கறவைப் பசுவுக்குத் தீவனம் வாங்கப் பணம் புரட்டும் குடியானவர், கழிச்சல் கண்ட கன்றுக்கு ஒரு புட்டி மருந்துநீர் கரைத்துக் கொடுக்கத் தயங்குகிறார். தயக்கத்துக்குக் காரணம் உலோபம் மட்டுமன்று. என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எதனைக் கொடுக்கலாகாது என்பது பற்றிய தெளிவின்மையே பெருங்காரணம். அத்தெளிவை உண்டாக்குவது குடியானவர் கடமை, கிராம உத்தியோகஸ்தர் கடமை, பாற்சங்கத்தார் கடமை ஆகிய மூன்றுமாகும்.

புட்டிப்பாற் கன்று எது?

தாயின் மடியில் முட்டிக் குடியாமல், மனிதர் கையாற் பால் பெற்று வளரும் கன்றே புட்டிப்பாற் கன்று. முன்பெல்லாம் தாய் இறந்தாலோ, தாய் கன்றை உதைத்துத் தள்ளினாலோ, மடிவீக்கம் கண்டாலோதான் இவ்வாறு வளர்க்க நேர்ந்தது. ஜெர்சி முதலிய கலப்பினப் பசுக்கள் பெருகிய பின்னர், கறவைக் கணக்குத் தெளிவாயிருக்கும் பொருட்டுக் கன்றைப் பிறந்த சில நாளிலேயே பிரித்துப் புட்டியிலோ வாளியிலோ பாலூட்டும் வழக்கமும் பரவியிருக்கிறது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அம்மாவட்டத்தில் சராசரியாக ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைக் காட்டிலும் அது அதிகம். தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து ஊர்கள் நீரில் மூழ்கின. கால்நடைகள் திரளாக மடிந்தன. இத்தகைய வெள்ளங்களில் தாய் மடியக் கன்று பிழைப்பதும் உண்டு. கைப்பால் கொடுத்து வளர்ப்பதன்றி அக்கன்றுக்கு வேறு கதி கிடையாது. ஆதலின் புட்டிப்பால் என்பது பெரிய பண்ணைக்காரருக்கு மட்டும் உரிய காரியமன்று. ஒற்றை மாடு வைத்திருப்பவரும் என்றேனும் ஒருநாள் கற்றுக்கொள்ள வேண்டியதாகும்.

சாவு வரும் வழி

இக்கன்றுகள் மடிவதைப் பலமுறை கண்டவர்கள் ஒரே கதையைத்தான் சொல்லுவார்கள். பிறந்து ஐந்தாறு நாளான கன்று காலையிற் பாலை மறுக்கும். வால் நனைந்திருக்கும், சாணம் வெண்மையாகவோ மஞ்சளாகவோ நீர்போல் இருக்கும். பாலே வயிற்றைக் கெடுத்தது என்று வீட்டார் பாலை நிறுத்துவர். தண்ணீர் கொடுத்தால் இன்னும் கழியும் என்று தண்ணீரையும் நிறுத்துவர். மாலையில் யாரேனும் ஒருவர் சொற்கேட்டுக் கஞ்சித்தண்ணீரோ கருப்பட்டித் தண்ணீரோ ஊற்றுவர். மறுநாள் கன்று படுத்துவிடும், கண் குழிவிழும், காது சில்லிடும். அப்போது வைத்தியருக்கு ஆள் போகும். வைத்தியர் வருமுன் கன்றின் கதை முடிந்திருக்கும். "கன்றுக்கு ஆயுள் அவ்வளவுதான்" என்று சொல்லிக் குழிதோண்டுவர்.

இதில் கன்றைக் கொன்றது எது? கழிச்சல் என்று சொல்வது பாதி உண்மை. கழிச்சலை உண்டாக்கும் கிருமிகள் பல. முதல் நான்கைந்து நாட்களில் ஈகோலை என்னும் கிருமி தாக்கும். முதல் வாரத்தின் பிற்பகுதி தொடங்கி இரண்டு மூன்று வாரம் வரையில் ரோட்டா, கொரோனா என்னும் நுண்ணுயிர்களும், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியும் தாக்கும். அதன்பின் குடற்புழுவும் இரத்தக் கழிச்சலும் வரும். இவை யாவும் வெவ்வேறு வியாதிகளாயினும், கன்றின் உயிரைப் போக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே. புண்பட்ட குடல் வழியாக உடம்பின் நீரும், அந்நீரோடு உப்புக்களும் வெளியேறிவிடுகின்றன, இரத்தம் கெட்டிப்பட்டுப் புளிப்பேறுகிறது, இருதயம் சோர்கிறது. இளங்கன்றின் எடையில் ஏறக்குறைய முக்காற்பங்கு நீரேயாகும். 25 கிலோ எடையுள்ள கன்று இரண்டரை லிட்டர் நீரை இழந்து, அது ஈடு செய்யப்படாவிடின், எழுந்து நிற்கும் வலியை இழந்துவிடும். கடுங்கழிச்சலில் இவ்வளவு நீர் வெளியேற ஒரு பகலும் ஓர் இரவும் போதும்.

ஆகவே கழிச்சல் கண்ட கன்றுக்குப் பாலையும் நீரையும் நிறுத்துவது, தீப்பிடித்த வீட்டுக்குக் கிணற்றை மூடுவது போன்றது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் அந்தக் காரியமே நோயின் பாதி வேலையைச் செய்து முடித்துவிடுகிறது.

அகதி முகாமிற் கண்ட பாடம்

மனிதரிடத்தும் இந்தத் தவறு நெடுங்காலம் நிலவியது. முத்துச் சலாபத்துக்குப் பல்லாயிரவர் கூடிய கரையோர முகாம்களில் வாந்திபேதி பரவிய காலங்கள் உண்டு. அந்நோயின் பெயரைக் கேட்டாலே மக்கள் நடுங்கினர். அந்த நடுக்கத்தைத் தீர்த்தது விலையுயர்ந்த மருந்து எதுவுமன்று. 1971-ஆம் ஆண்டில் வங்காளதேசப் போரினால் அகதிகள் மேற்கு வங்காளத்துப் பன்காவ் என்னும் ஊரிற் குவிந்தனர். வாந்திபேதி பரவியது, நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலானபிஸ் என்பவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா ஆகிய மூன்றையும் அளந்து நீரிற் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மடிந்த அம்முகாமில் சாவு நூற்றுக்கு நான்கினும் குறைந்தது. 2022-ஆம் ஆண்டில் அவர் காலமானார். மறு ஆண்டு இந்திய சர்க்கார் அவருக்குப் பத்ம விபூஷண் விருதளித்தது.

அம்முறையின் இரகசியம் எளியது. புண்பட்ட குடல் வெறும் நீரைச் சரிவர உறிஞ்சாது. வெறும் உப்புநீரையும் உறிஞ்சாது. உப்போடு குளுக்கோஸ் சேர்ந்தால், குளுக்கோஸ் குடற்சுவருக்குள் நுழையும்போது உப்பையும் உடன் இழுத்துச் செல்கிறது. உப்பின் பின்னே நீர் செல்கிறது. இவ்விதி மனிதக் குடலுக்கும் கன்றின் குடலுக்கும் பொது. கன்றுக் கழிச்சலுக்கு இன்று உலகெங்கும் கையாளப்படும் முதற் சிகிச்சை இதுவே.

கன்று குழந்தையன்று

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. குழந்தைக்குக் கழிச்சல் கண்டால், வீட்டிலுள்ள சர்க்கரையும் உப்பும் கரைத்துக் கொடுக்கும்படி சுகாதார இலாகாவினர் போதித்து வந்திருக்கின்றனர். அது நல்ல போதனையே. அதைக் கேட்ட தாய்மார்கள் அதே கரைசலைக் கன்றுக்கும் கொடுக்கின்றனர். உடன்குடிப் பக்கத்தில் நல்ல கருப்பட்டி எளிதிற் கிடைப்பதால், சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி சேர்ப்பாரும் உளர். இது பிழை. பால்குடி மறவாத கன்றின் குடலில், கரும்புச் சர்க்கரையையும் கருப்பட்டியையும் பிரித்து ஜீரணிக்கும் சத்து கிடையாது. பாலிலுள்ள சர்க்கரையையும் குளுக்கோஸையும்தான் அதனால் ஏற்க முடியும். ஜீரணமாகாத சர்க்கரை குடலிற் புளித்து, மேலும் நீரை இழுத்துக் கழிச்சலை வளர்க்கும். அரிசிக் கஞ்சியும் இதே காரணத்தால் முதல் மூன்று வாரத்துக் கன்றுக்கு உதவாது. மாச்சத்தை ஜீரணிக்கும் வலி அதற்கு இன்னும் வரவில்லை.

ஆகவே குளுக்கோஸே வேண்டும். அது எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. கன்றுகளுக்கென்றே தயாரித்த உப்புப் பொட்டலங்கள் கால்நடை மருந்துக் கடைகளிற் கிடைக்குமாயின் அவையே மிகச் சிறந்தவை. அவை கிடையாத இடத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிற் குழந்தைகளுக்கு வழங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் நீரிற் கரைத்து அவசரத்துக்குக் கொடுக்கலாம். அதிற் குளுக்கோஸே சேர்ந்திருக்கிறது. அதுவும் இல்லையாயின், கொதித்து ஆறிய நல்ல தண்ணீர் ஒரு லிட்டருக்கு உப்பு 4 கிராம், சமையல் சோடா 4 கிராம், குளுக்கோஸ் 25 கிராம் என்ற கணக்கிற் கரைத்துக் கொள்ளலாம். தபாற் பெட்டிபோற் பூட்டிவைக்க வேண்டிய இரகசியம் இதில் ஒன்றுமில்லை. அளவு ஒன்றே இதன் உயிர்.

உப்பளக் கரையில் உப்பின் அபாயம்

அளவைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. முள்ளக்காடு, ஆறுமுகநேரி முதலிய ஊர்களில் உப்பு என்பது மண்போல் மலிந்த பொருள். மலிந்த பொருளை மனிதர் அளப்பதில்லை. கையால் அள்ளிப் போடுவர். ஒரு பிடி கல்லுப்பு, கரைசலுக்கு வேண்டிய உப்பைப்போற் பல மடங்கு. அதனை உண்ட கன்றுக்கு உப்பு மூளைக்கேறி வலிப்புக் கண்டு மடிவதும் கூடும். கழிச்சலில் பிழைக்கக்கூடிய கன்றை மருந்தாற் கொல்வது இதுவேயாகும்.

இதனினும் மறைவான மற்றோர் அபாயம் கிணற்றிலிருக்கிறது. கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பானது. கோடையில் உவர்ப்பு மேலும் மிகும். அந்நீரில் மருந்துப்பொட்டலத்தைக் கரைத்தால், பொட்டலத்திலுள்ள உப்போடு கிணற்றின் உப்பும் சேர்ந்துவிடும். பொட்டலத்தைத் தயாரித்தவர் நல்ல தண்ணீரைக் கருதியே உப்பை அளந்திருக்கிறார். ஆதலின் வீட்டார் தாங்கள் குடிக்கக் கொண்டுவரும் தண்ணீரையே கன்றின் மருந்துக்கும் எடுக்க வேண்டும். "மனிதருக்கே குடிதண்ணீர் குறைவு, கன்றுக்கு எங்கே போவது?" என்று கேட்பார் உளர். ஒரு நாளைக்கு வேண்டுவது மூன்று நான்கு லிட்டர்; அதுவும் நான்கைந்து நாளைக்கு மட்டுமே. ஒரு குடத்தின் பாதியும் ஆகாத தண்ணீருக்காக ஒரு பசுவை இழப்பது சிக்கனமாகாது.

கொடுக்கும் முறை

கழிச்சல் கண்ட அன்றே, முதல் வேளையிலேயே தொடங்க வேண்டும். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு ஒரு வேளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை, நாளைக்கு மூன்று வேளை கொடுக்கலாம். பாலை நிறுத்தலாகாது. கன்று உறிஞ்சும் வரையில், வழக்கமான பாலைச் சிறிது சிறிதாகப் பல வேளையாகப் பிரித்துக் கொடுத்துவர வேண்டும். பால் நின்றாற் கன்றுக்கு உணவே இல்லை. மருந்துநீரில் உயிரைத் தாங்கும் நீருண்டு, உடலை வளர்க்கும் உணவில்லை. ஆனால் மருந்துநீரையும் பாலையும் ஒன்றாகக் கலக்கலாகாது. வயிற்றிற் பால் திரைவது அதனாற் கெடும். இரண்டுக்கும் இடையில் இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டும்.

பாலும் மருந்துநீரும் கன்றின் உடம்புச் சூட்டளவில் இருத்தல் வேண்டும். கன்று நின்று, கழுத்தைச் சிறிது உயர்த்தி, தானே ரப்பர்க் காம்பை உறிஞ்சிக் குடித்தல் வேண்டும். உறிஞ்சும்போதுதான் பால் முதல் மூன்று இரைப்பைகளைத் தாண்டி நேரே நான்காம் இரைப்பைக்குச் செல்லும். படுத்துக் கிடக்கும் கன்றின் வாயைப் பிளந்து மூங்கிற் குழாயால் ஊற்றுவது ஆபத்தான பழக்கம். நீர் நுரையீரலுக்குள் சென்று சளிசுரம் கண்டு கன்று மடியும். காம்பின் துளையைப் பெரிதாக வெட்டி விடுவதும் அதே கேட்டைத் தரும்.

கன்றின் நிலையை அறிய மூன்று சோதனைகள் போதும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா? விரலை வாயில் வைத்தாற் சப்புகிறதா? தட்டி எழுப்பினால் எழுந்து நிற்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் வீட்டிலேயே மருந்துநீர் கொடுத்துக் காப்பாற்றலாம். தோல் மடிப்பாகவே நின்று, கண் குழிந்து, வாய் சில்லிட்டு, சப்பும் வலி இல்லையாயின், வாய்வழி மருந்து இனிப் போதாது. நரம்பில் நீரேற்ற வேண்டும். அதனைக் கால்நடை மருத்துவரே செய்யக் கூடும். வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருப்பது நலம். கன்றின் உடம்புச்சூடு சாதாரணமாக பாரன்ஹீட் அளவில் 101 முதல் 102.5 பாகை வரை இருக்கும். 103 பாகைக்கு மேற் சென்றாலும், 100 பாகைக்குக் கீழ் இறங்கினாலும், சாணத்தில் இரத்தம் கண்டாலும், காலதாமதமின்றி மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிற் சொன்னால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம்.

கிருமிக்கொல்லி மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் மாத்திரையைப் பொடித்து ஊற்றுவது இப்போது பரவிவரும் வழக்கம். கழிச்சலிற் பெரும்பகுதி நுண்ணுயிர்களாலும் ஒட்டுண்ணிகளாலும் வருவது. அவற்றின்மீது அம்மாத்திரைகளுக்கு அதிகாரமில்லை. சுரமும் இரத்தக் கழிச்சலும் உள்ள கன்றுக்கு அவை தேவைப்படலாம். அதனை மருத்துவர் சொல்லட்டும். நாட்டு மருந்துகளைப் பழிப்பதற்கும் இடமில்லை. மாதுளம் ஓடும் கொய்யா இலையும் கழிச்சலைச் சற்றே கட்டுப்படுத்துவதைக் கண்டோர் அவற்றைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் எந்த மருந்தும், இழந்த நீருக்கு ஈடாகாது. முதலில் நீர், மற்றவை யாவும் பின்னர்.

வருமுன் காத்தல்

கன்று பிழைக்குமா என்பது பெரும்பாலும் அது பிறந்த முதல் ஆறு மணி நேரத்துக்குள்ளேயே தீர்மானமாகிவிடுகிறது. மாட்டின் கருவில் தாயின் நோயெதிர்ப்புச் சத்து கன்றுக்குச் செல்வதில்லை. அது முழுவதும் சீம்பாலிலேயே இருக்கிறது. கன்றின் குடல் அச்சத்தைச் சிதையாமல் ஏற்கும் வாசல் பிறந்தவுடன் திறந்திருந்து, மணிக்கு மணி சாத்திக்கொண்டே போய், ஒரு நாளில் முற்றும் அடைபட்டுவிடும். ஆதலின் முதல் இரண்டு மணிக்குள் ஒரு முறையும், பன்னிரண்டு மணிக்குள் மறுமுறையுமாக, கன்றின் எடையிற் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே சென்றிருக்க வேண்டும். 25 கிலோ கன்றுக்கு அது இரண்டரை லிட்டர். நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் கொடுக்கலாகாது என்று பல ஊர்களில் நிலவும் எண்ணம், வாசல் சாத்தும்வரை காத்திருந்து பின் தட்டுவதற்கு ஒப்பானது. கன்று சப்புவதால் கொடி விழுவது எளிதாகுமேயன்றித் தடைப்படாது. சீம்பாலை அண்டை வீட்டாருக்குப் பங்கிடுவது நல்ல உறவு முறைதான். கன்று குடித்து மிஞ்சியதையே பங்கிட வேண்டும்.

அடுத்தது புட்டி. பாலின் பிசுக்கு ஒட்டிய புட்டியிற் கிருமி பெருகுவதுபோல் வேறெங்கும் பெருகாது. ஒவ்வொரு வேளையும் புட்டியையும் காம்பையும் முதலிற் குளிர்ந்த நீராலும், பின்பு சோப்பும் வெந்நீரும் கொண்டும் கழுவி, வெயிலிற் கவிழ்த்து வைக்க வேண்டும். நோயுற்ற கன்றுக்குத் தனிப் புட்டி, தனி இடம். நல்ல கன்றுகளுக்கு முதலிற் பால், நோயுற்ற கன்றுக்குக் கடைசியிற் பால். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் தொழுவத்தின் தரை நனையாமல் மேடுபடுத்தி, வைக்கோல் பரப்பி, நனைந்ததை அன்றாடம் மாற்ற வேண்டும். கன்றைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமற் குழந்தைகளைத் தொடலாகாது. கழிச்சற் கிருமிகளிற் சில மனிதரையும் பற்றும்.

செலவுக் கணக்கு

"பாலெல்லாம் கன்றுக்குப் போனால் சங்கத்துக்கு என்ன ஊற்றுவது?" என்ற கேள்வி நியாயமானதே. கணக்கிட்டுப் பார்க்கலாம். நாளைக்கு இரண்டரை லிட்டராக இரண்டு மாதத்துக்கு ஒரு கன்று குடிப்பது 150 லிட்டர். நாளைக்கு எட்டு லிட்டர் கறக்கும் பசு 300 நாளிற் கொடுப்பது 2400 லிட்டர். அதாவது, தாயின் பத்தொன்பது நாட் கறவையைக் கொடுத்து ஒரு பசுவையே வாங்குவதாகும். சந்தையில் இவ்விலைக்குப் பசு விற்பவர் எவரும் இலர். கன்றை இழந்துவிட்டுப் பின்னர் கடன்பட்டு வெளியூரிலிருந்து மாடு பிடித்து வருபவர், அந்த மாட்டோடு அவ்வூர் நோயையும் பிடித்துக்கொண்டு வருகிறார்.

காளைக் கன்றின் காரியம் இன்னும் கடினமானது. உழவுக்கும் வண்டிக்கும் எருது தேவைப்பட்ட காலத்தில் காளைக் கன்றுக்கு மதிப்பிருந்தது. டிராக்டர் வந்த பின், கலப்பினக் காளைக் கன்றைப் பலர் பாலின்றி வாடவிடுகின்றனர். இதனை எவரும் வெளிப்படச் சொல்வதில்லை, செய்கிறார்கள். அது ஜீவகாருண்யத்துக்கு மாறானது என்பதோடு, புத்திக்கும் மாறானது. பட்டினியால் எதிர்ப்பு வலி இழந்த கன்றிற் கிருமி கோடிகோடியாய்ப் பெருகி, அதே தொழுவத்துப் பெண்கன்றைப் பற்றுகிறது. காளைக் கன்று வேண்டாதவர், பெரும்பாலும் பெண்கன்றே பிறக்கத்தக்க பாலினம் பிரித்த விந்தினைச் சினையூசியாகக் கேட்டுப் பெறலாம். அது இப்போது கிடைக்கிறது. பிறந்துவிட்ட உயிருக்குப் பட்டினி தீர்ப்பாகாது.

ஊரார் கடமை

வெள்ளத்தில் மாடு மடிந்தால் கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்க்கிறார். மருத்துவர் சான்று எழுதுகிறார். சர்க்கார் நிவாரணம் தருகிறது. அது முறையே. ஐந்தாண்டுக்கொரு முறை கால்நடைக் கணக்கெடுப்பும் நடைபெறுகிறது. ஆனால், இரண்டு கணக்கெடுப்புக்கு இடையிற் பிறந்து, பத்தாம் நாள் கழிச்சலில் மடிந்து, தென்னை மரத்தடியிற் புதைக்கப்பட்ட கன்று எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. புத்தகத்தில் ஏறாத நஷ்டத்துக்கு மருந்து ஒதுக்குவார் இலர். ஒவ்வொரு பாற்சங்கத்திலும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, அம்மாதத்திற் பிறந்த கன்றுகள் எத்தனை, மடிந்தவை எத்தனை, எத்தனையாம் நாளில், என்ன குறியோடு என்று நான்கு பத்தியில் எழுதி வந்தாற் போதும். ஓராண்டில் எந்தத் தெருவில், எந்த மாதத்தில் சாவு மிகுகிறதென்று தெரிந்துவிடும். அதனைக் கொண்டு கால்நடை மருத்துவர் நோயின் மூலத்தைக் கண்டறியவும் கூடும்.

அச்சங்கத்தின் அலமாரியிலேயே கன்றுகளுக்குரிய உப்புப் பொட்டலம் இருபது, ஒரு லிட்டர் அளவுப் பாத்திரம் ஒன்று, ரப்பர்க் காம்பு பொருத்திய சுத்தமான புட்டி இரண்டு, வெப்பமானி ஒன்று ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும். காலையும் மாலையும் பால் ஊற்ற ஊரார் கூடும் இடம் அது. நோய் கண்ட வேளையிலேயே மருந்து கைக்கெட்டும். எடுத்தவர் விலையைத் தம் பாற்பணத்திற் கழித்துக்கொள்ளட்டும். இதற்குப் பெருந்திட்டமோ, மேலிடத்து உத்தரவோ தேவையில்லை. சங்கத்தார் ஒரு கூட்டத்தில் தீர்மானித்தாற் போதும்.

முடிவாக ஒன்று. இப்பத்திரிகையைப் படிப்பவர் நிலமுடையவர். மாடு அவர் பெயரில் இருக்கும். கடன் அவர் பெயரில் இருக்கும். ஆனால் கன்றுக்குப் புட்டி பிடிப்பவர் அவருடைய மனைவியோ, தாயோ, வேலைக்கு வரும் பெண்ணோதான். வாலின் ஈரத்தை முதலிற் காண்பவர் அவரே. கழிச்சல் கண்டதும் பொட்டலத்தைக் கரைக்கவும், மருத்துவருக்குச் சொல்லியனுப்பவும், வீட்டுக்காரர் வரும்வரை காத்திராமல் அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். பொட்டலத்தின் அளவும், நல்ல தண்ணீரின் அவசியமும், பாலை நிறுத்தலாகாது என்பதும் அவருக்குச் சொல்லப்பட வேண்டும். படித்தவர் படித்ததோடு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டால், இதனால் ஒரு கன்றும் பிழைக்காது.

முத்துப் பார்களுக்குக் காவல் வைத்த கரை அது. முத்தைவிட நிச்சயமான செல்வம் இன்று அவ்வூர்த் தொழுவங்களில், நனைந்த வாலோடு நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு வேண்டுவது ஒரு லிட்டர் நல்ல தண்ணீரும், அளந்த உப்பும், காலந்தாழ்த்தாத கையுமே.